எண்ணத்தை எழுத்தாக்கும் கருவி

மனிதனுக்கு வாய்த்த செல்வங்களுள் தலையாயது பேச்சு என்பர். பொருள் போனால் உழைத்துத் தேடலாம்; உடல் நலம் குன்றினால் மருந்துண்டு. ஆனால் உள்ளத்தே தோன்றியதை வெளியிட வழியின்றிப் போய்விட்டால், அறிவு முழுவதும் விளங்கியிருக்கவும் அம்மனிதன் தன் வீட்டிலேயே சிறைப்பட்டவன் ஆகின்றான். வாய் பேச இயலாதவர் கையாற் பேசுவர். கை வழங்காதவர் கண்ணாற் பேசுவர். வாயும் கையும் கண்ணும் ஒருங்கே ஓய்ந்து, மூளை மாத்திரம் ஓயாதிருப்பவர் எதனாற் பேசுவர்?

இவ்வினாவுக்கு விடை தேடும் விஞ்ஞானத் துறை ஒன்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்து வருகின்றது. மூளையில் எழும் மின் அசைவுகளை நேரே கணனிக்கு உணர்த்தி, அவற்றைக் கொண்டே எழுத்தும் சொல்லும் இயக்கமும் உண்டாக்குவது அதன் நோக்கம். இதனை மூளை–கணனி இடைமுகம் என வழங்குவர். இதுபற்றி வெளிவரும் செய்திகள் பெரும்பாலும் வியப்பை ஊட்டுவனவாக உள்ளன. அன்றேல் அச்சத்தை ஊட்டுவனவாக உள்ளன. அவை இரண்டும் ஒருபுறம் இருக்க, அக்கருவி எங்ஙனம் இயங்குகின்றது, அதனை இயக்கும் மென்பொருள் எத்தகையது, அது தமிழ் எழுதுமா, நம்மவர்க்கு அதனாற் பயன் உண்டா என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

ஜேனா நகரத்து வைத்தியர்

ஜெர்மனியில் ஜேனா நகரிலே ஹான்ஸ் பேர்கர் என்னும் மனநோய் வைத்தியர் ஒருவர் இருந்தார். இளமையில் இராணுவப் பயிற்சியின்போது இவர் குதிரையினின்றும் வீழ்ந்து, மயிரிழையில் உயிர் தப்பினார். அன்றே தொலைவிலிருந்த தந்தையாரிடமிருந்து இவருடைய நலத்தை உசாவித் தந்தி வந்தது. தம்பிக்கோ தமையனுக்கோ நேர்ந்த துன்பம் உடன்பிறந்தாள் உள்ளத்தில் தட்டும் என்று நம் பாட்டிமார் சொல்வதில்லையா? அதுபோலவே பேர்கரின் சகோதரிக்கு ஏதோ தீங்கு நேர்ந்ததாகத் தோன்றியதாம். நினைவு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பாயுமோ என்ற வினா அன்று முதல் அவரை விடவில்லை.

அதனைத் தேடிச் சென்றவர் அதனைக் காணவில்லை, வேறொன்றைக் கண்டார். 1924 ஆம் ஆண்டில் மனிதத் தலையிலே மின்வாய்களைப் பொருத்தி, மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். ஐந்து ஆண்டுகள் மீண்டும் மீண்டும் சோதித்த பின்னரே, 1929 இல் அதனை வெளியிட்டார். பலர் நம்பவில்லை. நோபல் பரிசு பெற்ற ஏட்ரியன் என்பார், மத்தியூஸ் என்னும் துணைவருடன் 1934 இல் கேம்பிரிட்ஜ் நகரிலே அதே சோதனையைச் செய்து காட்டிய பின்னரே உலகம் அதனை ஏற்றது. கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது செக்கனுக்கு ஏறத்தாழப் பத்துத் தடவை எழுந்து விழும் அலை, கண்ணைத் திறந்தவுடன் அடங்கிவிடுகின்றது. பேர்கர் கண்ட இவ்வலையே இன்று அல்பா அலை எனப்படுவது.

அலையைப் பதிவு செய்வது வேறு. அதனைக் கொண்டு பொறியை இயக்குவது வேறு. பின்னதைத் தெளிவான ஆராய்ச்சித் திட்டமாக வகுத்தவர் கலிபோர்ணியாவில் ஆசிரியராயிருந்த ஜாக் விடால். மூளை–கணனி இடைமுகம் என்னும் பெயரை அவர் 1973 இல் வழங்கினார். மேசையில் வைக்கும் சிறு கணனி வீடுகளுக்கு வராத காலம் அது.

காற்றுக்கிடையே ஒரு குரல்

மூளையின் மின்னலையைப் பிடிப்பது எத்துணை அரிது என்பதை விளக்க நம் நாட்டு இடமொன்றையே உவமையாகக் கொள்வோம். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக வளைந்து வளைந்து ஏறும் வீதி, ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் ரிவர்ஸ்டன் மலையை அடைகின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரைச் சேர்ந்த அம்மலையின் உச்சியிலே தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்று நிற்கின்றது. அங்கே ஒருமுறை சென்றவர் அக்காற்றை மறவார். மூடுபனி முகத்தில் மோத, பத்தடி தூரத்தில் நிற்பவர் சொல்வதும் காதில் விழாது. வாய் அசைவது தெரியும், சொல் தெரியாது.

மண்டையோட்டின் வெளியே நின்று மூளையைக் கேட்பதும் இத்தகையதே. கைமின்விளக்கில் இடும் ஒரு மின்கலத்தின் அழுத்தம் ஒன்றரை வோல்ட். தலைத்தோலின் மேற் கிடைக்கும் மூளையலையின் அளவோ பத்து முதல் நூறு மைக்ரோவோல்ட் வரையில்தான். ஐம்பது மைக்ரோவோல்ட் என்று கொண்டால், அது அம்மின்கலத்தின் முப்பதினாயிரத்தில் ஒரு பங்கு. அதற்கிடையே கண் இமைத்தால் அதனினும் பெரிய அலை ஒன்று எழும். பல்லைக் கடித்தாற் கன்னத் தசையின் மின்சாரம் எல்லாவற்றையும் மூடிவிடும். சுவரினுள்ளே ஓடும் மின்கம்பியும் விடுவதில்லை. இலங்கையின் மின்சாரம் செக்கனுக்கு ஐம்பது முழுச் சுற்றாக அலைவதால், ஐம்பது ஹேர்ட்ஸ் மீடிறனில் ஓர் இரைச்சல் எப்போதும் கருவியிற் படியும்.

காற்றுக்கிடையே ஒருவர் குரலைக் கேட்க மூன்று வழிகள் உண்டு. குரலின் தன்மையை அறிந்து மற்ற ஓசையை விலக்கலாம். சொன்னதையே பலமுறை சொல்லச் செய்யலாம். அருகே போய்க் காதைக் கொடுக்கலாம். மூளை–கணனி ஆராய்ச்சியின் நுட்பங்கள் அனைத்தும் இம்மூன்றுள் அடங்கும். முதலாவது வடிகட்டல். ஐம்பது ஹேர்ட்ஸ் இரைச்சலை நீக்கி, வேண்டிய மீடிறன்களை மாத்திரம் விடுவது அதன் வேலை. இரண்டாவது சராசரி காணல். ஒரே துலங்கலை நான்கு தடவை பதிந்து சராசரி எடுத்தால் இரைச்சல் பாதியாகக் குறையும். நூறு தடவை எடுத்தாற் பத்திலொன்றாகும். மூன்றாவது, மண்டையோட்டைத் திறந்து மின்வாயை மூளையிலேயே வைத்தல். முதலிரண்டுக்கும் தொப்பி போதும். மூன்றாவதற்குச் சத்திரசிகிச்சை வேண்டும்.

தொப்பியும் பெட்டியும்

ஆராய்ச்சிக்கூடத்தில் வழங்கும் கருவி மூன்று பகுதிகளை உடையது. முதலாவது தொப்பி. அதிற் சிறு மின்வாய்கள் பதிக்கப்பட்டிருக்கும். வெள்ளியும் வெள்ளிக் குளோரைட்டும் கொண்டு செய்தவை பெருவழக்கு. தோலுக்கும் உலோகத்துக்கும் இடையே மின்சாரம் தடையின்றிச் செல்லும் பொருட்டு உப்புக் கலந்த பசையை இடுவர். எந்த மின்வாய் தலையில் எவ்விடத்தில் இருத்தல் வேண்டும் என்பதற்கு உலகப் பொதுவான அளவுமுறை ஒன்று 1958 முதல் வழங்குகின்றது. மூக்கின் அடிக்கும் பிடரி எலும்புக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பத்து, இருபது என்னும் வீதங்களாகப் பிரிப்பதால் அதனைப் ‘பத்து–இருபது முறை’ என்பர். தலை பெரிதாயினும் சிறிதாயினும் வீதம் மாறாது.

இரண்டாவது, விரியலாக்கி என்னும் சமிக்ஞை பெருக்கி. மெல்லிய அலையைப் பல்லாயிரம் மடங்கு பெருப்பிப்பது அதன் தொழில். மூன்றாவது, பெருகிய அலையை எண்களாக மாற்றிக் கணனிக்கு அனுப்பும் பகுதி. முன்னர் இவை பெரிய ஆஸ்பத்திரிகளுக்கும் செல்வமுள்ள பல்கலைக்கழகங்களுக்கும் மாத்திரம் உரியனவாயிருந்தன. 2013 ஆம் ஆண்டின் முடிவிலே, ஜோயல் மர்பி, கோனர் ருசோமானோ என்னும் அமெரிக்கர் இருவர் பொதுமக்களிடம் பணம் திரட்டி, ‘ஓப்பன் பிசிஐ’ என்னும் பெயரிற் சிறு மின்சுற்றுப் பலகை ஒன்றை உருவாக்கினர். எட்டு மின்வாய்களின் அலையைச் செக்கனுக்கு 250 தடவை அளந்து அனுப்பும் அப்பலகை கையகலம் உடையது, மின்கலத்தால் இயங்குவது. அதன் வரைபடத்தை மறைக்காது வெளியிட்டமையால், பல நாட்டு மாணவர் அதனைப் பார்த்துக் கற்கவும் திருத்தவும் இயன்றது.

இங்கே மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் எம் கடமையாகும். தலையோடு இணைக்கும் எக்கருவியையும் வீட்டு மின்சாரத்தோடு தொடுக்கலாகாது. மின்கலத்தால் இயங்குவதையே, அறிந்த ஆசிரியர் மேற்பார்வையிற் பயன்படுத்தல் வேண்டும். சோதனை பிழைத்தால் மறுமுறை செய்யலாம். உயிருக்கு மறுமுறை இல்லை.

உள்ளே உழைக்கும் மென்பொருள்

தொப்பி அலையைத் தரும். அவ்வலைக்குப் பொருள் காண்பது மென்பொருள். முன்னர் ஒவ்வோர் ஆராய்ச்சிக்கூடமும் தனக்கென ஒரு மென்பொருளை எழுதி வைத்திருந்தது. ஒருவர் செய்ததை மற்றவர் சோதிக்க இயலவில்லை. இக்குறையை நீக்க அமெரிக்காவில் அல்பனி நகரத்து வாட்ஸ்வர்த் நிலையத்தில், 2000 ஆம் ஆண்டில் ‘பிசிஐ 2000’ என்னும் பொது மென்பொருள் தொடங்கப்பட்டது. அதன் அமைப்பை ஒரு தபாற் கந்தோருக்கு ஒப்பிடலாம். அலையை வாங்குவது ஒரு பகுதி; வாங்கியதைத் தெரிந்து பிரிப்பது இன்னொரு பகுதி; பிரித்ததை எழுத்தாகவோ அசைவாகவோ சேர்ப்பிப்பது வேறொரு பகுதி; மூன்றையும் மேற்பார்வை செய்வது நான்காம் பகுதி. ஒன்றை மாற்றினாலும் ஏனையவற்றை மாற்ற வேண்டுவதில்லை.

பின்னர்ப் பிரான்சு நாட்டின் இன்றியா என்னும் அரசாங்க ஆராய்ச்சி நிறுவனத்தார் ‘ஓப்பன்வைப்’ என்பதை வெளியிட்டனர். இதிற் கட்டளைகளை எழுத வேண்டுவதில்லை. வடிகட்டி, சராசரி, எழுத்துப்பலகை முதலியவற்றைக் குறிக்கும் பெட்டிகளைத் திரையில் வைத்துக் கோடுகளால் இணைத்தாற் போதும். அர்னோ டெலோர்ம், ஸ்கொட் மகேய்க் என்னும் இருவர் 2004 இல் வெளியிட்ட ‘ஈஈஜிலாப்’ என்பது பதிவு செய்த அலைகளைப் பின்னர் ஆராய உதவுவது. கலந்து கிடக்கும் அலைகளினின்றும் கண்ணிமைப்பின் பங்கைத் தனியே பிரித்து அகற்ற வல்லது. இம்மென்பொருள்கள் ஆராய்ச்சிக்கும் படிப்புக்கும் விலையின்றிக் கிடைப்பன. நம் நாட்டு மாணவர்க்கு இது சிறிய நன்மையன்று. கருவி வாங்கப் பணமில்லாதவரும், பிறர் பதிந்து பொதுவில் வைத்த அலைகளைக் கொண்டு பயிலலாம்.

கணக்கப்பிள்ளையின் எழுத்துகள்

சில ஆண்டுகளுக்கு முன் எம் கல்லூரி மாணவருடன் ரிவர்ஸ்டன் சென்று மீளும் வழியில், எம்மிடம் முன்னர்ப் பயின்ற மாணவி ஒருவரின் இல்லத்துக்குச் சென்றோம். அவருடைய தந்தையார் தோட்டத்திற் கணக்கப்பிள்ளையாயிருந்து ஓய்வு பெற்றவர். இயக்க நரம்புகளைத் தாக்கும் நோயினாற் கையும் காலும் நாவும் ஒவ்வொன்றாக ஓய்ந்து, இமை மாத்திரம் அவர் சொற்படி கேட்டது.

அவரோடு உரையாட மகள் ஒரு முறையைத் தாமே அமைத்திருந்தார். “உயிரா? வல்லினமா? மெல்லினமா? இடையினமா?” என்று முதலிற் கேட்பார். தந்தை இமையை மூடினால் அவ்வினத்து எழுத்துகளை வரிசையாகச் சொல்லுவார். வேண்டிய எழுத்து வந்ததும் மீண்டும் இமை மூடும். கொப்பியில் எழுத்து ஏறும். நாம் இருந்த வேளையில் அவ்வாறு ‘காற்று’ என்னும் சொல் எழுதப்பட்டது. யன்னல் திறந்திருந்தது, மலைக்காற்றும் பனியும் உள்ளே வந்தன. அவருக்குக் குளிர்கின்றது போலும் என்று எண்ணி, யன்னலைச் சாத்த எழுந்தோம்.

“சேர், இருங்க. அப்பா இன்னும் முடிக்கல” என்றார் மகள்.

எழுத்துகள் தொடர்ந்து வந்தன. அடுத்த சொல் ‘வரட்டும்’ என்பது.

அவ்விரு சொற்களுக்கும் ஐந்து நிமிடம் வரையிற் சென்றிருக்கும். பிறர் முடித்துவைக்காமல் தம் சொல்லைத் தாமே முடிக்கும் உரிமை அந்த ஐந்து நிமிடத்தில் அவருக்கு இருந்தது. இக்கருவிகளைப் பற்றிய எக்கேள்வியையும் இவ்வுரிமையை அளவுகோலாக வைத்தே ஆராய்தல் தகும் என்று எமக்குத் தோன்றுகின்றது.

ஆறுக்கு ஆறு

அம்மகள் கண்ட முறையும் விஞ்ஞானிகள் கண்ட முறையும் ஏறத்தாழ ஒன்றே. 1988 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபார்வெல், டொன்சின் என்போர் ஓர் எழுத்துப்பலகையை அமைத்தனர். ஆறு வரிசையும் ஆறு நிரலுமாக முப்பத்தாறு கட்டங்கள் திரையில் இருக்கும். வரிசைகளும் நிரல்களும் ஒழுங்கின்றி மாறி மாறி ஒளிரும். பார்ப்பவர் தமக்கு வேண்டிய எழுத்திலேயே கருத்தை வைத்திருப்பார். அவ்வெழுத்து உள்ள வரிசை ஒளிரும்போது, எதிர்பார்த்தது வந்ததென்று மூளையில் ஓர் அலை எழும். ஏறத்தாழ 300 மில்லிசெக்கன் கழித்து எழுவதால் அதனைப் ‘பி 300’ என்பர். எந்த வரிசைக்கும் எந்த நிரலுக்கும் அவ்வலை எழுந்ததென்று கணனி கண்டுகொண்டால், அவை இரண்டும் சந்திக்கும் கட்டமே வேண்டிய எழுத்து. அன்று அவர்கள் பெற்ற வேகம் நிமிடத்துக்கு 2.3 எழுத்து.

ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்தும் பத்து இலக்கமும் சேர்ந்து முப்பத்தாறு கட்டங்களை நிரப்பிவிடும். 247 எழுத்துடைய தமிழ் இப்பலகையில் அடங்குமா? அடங்கும், ஆங்கிலத்தினும் அழகாக அடங்கும். உயிர் பன்னிரண்டும் இரண்டு வரிசை. வல்லினம் ஆறும் ஒரு வரிசை. மெல்லினம் ஆறும் ஒரு வரிசை. இடையினம் ஆறும் ஒரு வரிசை. எஞ்சிய ஆறாம் வரிசையில் ஆய்தம், புள்ளி, வடவெழுத்துகளுக்கு வாயில், இடைவெளி, அழித்தல், அழைப்பு மணி என ஆறு கட்டம். நம் இலக்கண ஆசிரியர் வகுத்த ஆறாறான இனப்பாகுபாடு இப்பலகைக்கென்றே அமைந்தது போல் உள்ளது! நடுவில் உயிர் எழுத்துத் தனித்து வருதல் தமிழ்ச் சொற்களில் அளபெடை போன்ற சிலவிடத்து மாத்திரமே ஆதலால், மெய்யை அடுத்து ஈகாரத்தைத் தெரிந்தால் அது உயிர்மெய்யின் குறியென்று கணனி ஐயமின்றிக் கொள்ளலாம்.

ஆயினும் ஒரு வினா எஞ்சும். கட்டத்தில் உள்ள ‘க’ அகரமேறிய எழுத்தா, புள்ளி பெற்ற மெய்யா? அகரமேறியது என்று கொண்டால், ‘மலை’ மூன்று தெரிவில் முடியும். ‘மரம்’ நான்கில் முடியும். ஆனால் ‘அம்மா’வுக்கு ஐந்தும் ‘தண்ணீர்’க்கு ஏழும் வேண்டும். மெய் என்று கொண்டால், ‘மலை’ நான்காகவும் ‘மரம்’ ஐந்தாகவும் நீளும். ‘அம்மா’ நான்காகவும் ‘தண்ணீர்’ ஆறாகவும் குறுகும். உண்மை யாதெனில், முன்னையதில் ஒவ்வொரு மெய்க்கும் ஒரு தெரிவு மிகும். பின்னையதில் ஒவ்வோர் அகர உயிர்மெய்க்கும் ஒரு தெரிவு மிகும். நிமிடத்துக்கு இரண்டே எழுத்து எழுத வல்ல நோயாளிக்கு ஒரு தெரிவு என்பது அரை நிமிட உழைப்பு. தாகத்தோடிருப்பவர் தண்ணீர் கேட்க மூன்று நிமிடம் செல்லும் இடத்தில் அரை நிமிடம் அற்பமன்று.

தமிழுக்கு இத்துறையில் வழிகாட்டுவோர் இல்லாமலில்லை. பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் ஏ. ஜி. ராமகிருஷ்ணன் என்னும் பேராசிரியர் தமிழ்க் கையெழுத்தைப் படிக்கவும் தமிழ் எழுத்தை உரக்க வாசிக்கவும் கணனிக்குக் கற்பிக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். மனத்துள் உச்சரிக்கும் சொல்லைத் தலைத்தோலின் அலைகளிலிருந்து அறிய இயலுமா என்பதனையும் அவர் தம் மாணவருடன் ஆராய்ந்துள்ளார். இவ்விரு துறையும் ஒருவர் கையிற் சந்தித்தமை நமக்கு நம்பிக்கை தருவது.

மண்டையோட்டின் உள்ளே

அருகே போய்க் காதைக் கொடுக்கும் மூன்றாம் வழிக்கு வருவோம். 2004 ஆம் ஆண்டில், கத்திக்குத்தினாற் கழுத்துக்குக் கீழ் அசைவற்றிருந்த மாத்யூ நேகிள் என்னும் அமெரிக்க இளைஞரின் மூளையில், நான்கு மில்லிமீட்டர்ச் சதுரத்தில் 96 நுண்ணூசிகள் கொண்ட மின்வாய் பொருத்தப்பட்டது. கையை அசைக்க நினைத்த அளவில் திரையிற் சுட்டியை நகர்த்தினார். 2021 இல் இந்திய வம்சாவளியினரான கிருஷ்ண ஷெனோய், ஜெய்மி ஹெண்டர்சன் ஆகியோர் தலைமையில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவினர் புதிய வழி ஒன்றைக் காட்டினர். அசைவற்ற ஒருவர் கையால் எழுதுவதாக மனத்தில் முயல, அம்முயற்சியின் மூளை அசைவிலிருந்தே நிமிடத்துக்கு 90 எழுத்து திரையில் தோன்றிற்று. 2023 ஜனவரியிற் பேராசிரியர் ஷெனோய் காலமானார். அவ்வாண்டிலேயே அவருடைய குழு, பேச முயலும் நோயாளி ஒருவரின் மூளையிலிருந்து நிமிடத்துக்கு 62 சொற்களை வெளிக்கொணர்ந்தது. ஆயினும் 1,25,000 சொற்கள் கொண்ட அகராதியைப் பயன்படுத்தியபோது, நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான சொற்கள் பிழைத்தன. 2024 இல் கலிபோர்ணியாவின் டேவிஸ் நகரக் குழுவினர் மற்றொரு நோயாளியிடம் ஏறத்தாழ 97 சதவீதம் சரியாகப் பெற்றனர்.

அவ்வாண்டு ஜனவரியில் நியூராலிங்க் என்னும் நிறுவனம், தலைமயிரினும் மெல்லிய 64 இழைகளில் 1,024 மின்வாய்களைத் தாங்கிய கருவியை முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தியது. சில வாரங்களில் இழைகள் பல மூளையினின்றும் பின்வாங்கின. சுட்டியின் வேகம் குறைந்தது. மறுபடி சத்திரசிகிச்சை செய்யாமல், மென்பொருளைத் திருத்தியே அவ்வேகத்தை மீட்டனர். ஊசியினும் மென்பொருள் இத்துறையில் எத்துணை முதன்மை வாய்ந்தது என்பதற்கு இஃதொன்றே சான்று.

எவருடைய வாக்கு?

இனி ஆறுதலோடு அச்சத்தையும் சிறிது ஆராய்வோம். வேகமாக எழுதும் இப்புதிய கருவிகள் ஒரு தந்திரத்தைக் கையாளுகின்றன. மூளையலை தெளிவாக இல்லாத இடத்தில், மொழியின் வழக்கை நோக்கி, இச்சொல்லுக்குப்பின் இச்சொல்லே பெரும்பாலும் வரும் என்று கணனி ஊகிக்கின்றது. ‘காற்று’ என்றதும் ‘குளிர்கின்றது’ என்று அது முடிக்கலாம். நாம் யன்னலைச் சாத்த எழுந்ததும் அவ்வாறான ஊகத்தினாலன்றோ? ஆகவே ஊகித்தது எது, நோயாளி உரைத்தது எது என்பதனைக் கருவி வேறுபடுத்திக் காட்டல் வேண்டும். வேண்டாம் என்று மறுக்க நோயாளிக்கு எளிய வழி இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, சோதனைக்குட்படாத நம்பிக்கை. எவ்வித அசைவும் அற்ற நோயாளிகள் மூளையின் இரத்தவோட்டத்தால் ஆம், இல்லை என விடையளித்தனர் என்று 2017 இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. மற்றோர் ஆராய்ச்சியாளர் அதே அளவீடுகளை மீளக் கணித்தபோது அம்முடிவு கிட்டவில்லை. 2019 இல் அக்கட்டுரை மீளப் பெறப்பட்டது. நோயாளியின் படுக்கையருகே விழித்திருக்கும் குடும்பத்தார்க்கு இத்தகைய செய்தி எத்துணை வேதனை! அளவீட்டையும் மென்பொருளையும் ஒளிக்காது வைத்தல் ஏன் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, கருவி செய்தவரே கைவிடுதல். பார்வையிழந்தவர்க்கு விழித்திரையிற் பொருத்திய ‘ஆர்கஸ்’ என்னும் கருவியை அமெரிக்க நிறுவனமொன்று 2019 அளவிற் கைவிட்டது. திருத்துவாரும் உதிரிப்பாகமும் இன்றி, அக்கருவியைக் கண்ணிலே தாங்கியவர்கள் தவித்தனர். வானொலி பழுதானால் வேறொன்று வாங்கலாம்; உடலுக்குள் உள்ளதை என் செய்வது?

நான்காவது, மனத்தின் மறைவு. மூளையலைத் தரவு எவருக்குச் சொந்தம்? தென்னமெரிக்க நாடாகிய சிலி, 2021 இல் தன் அரசியலமைப்பிலேயே மூளையின் செயற்பாட்டையும் அதிலிருந்து பெறும் தகவலையும் காக்க விதி செய்தது. 2023 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், தலையணிக் கருவி விற்கும் நிறுவனமொன்று சேர்த்துவைத்த ஒருவரின் மூளைத் தரவை அழிக்குமாறு தீர்ப்பளித்தது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தகவலைச் சிறப்பான காப்புக்குரிய வகையாகக் கொள்கின்றது. மூளையலையைப் பெயர் சொல்லிக் காக்கும் காலமும் வருதல் வேண்டும்.

இவற்றால் அஞ்சி ஒதுங்குமாறு நாம் கூறவில்லை. இன்றைய தொப்பிக் கருவி எவருடைய இரகசிய நினைவையும் படிக்க வல்லதன்று. ஒருவர் தாமே கருத்தை ஊன்றி ஒத்துழைத்தாலன்றி ஓர் எழுத்தும் தோன்றாது. இன்னுமொன்று: இமையோ விழியோ அசையும் வரையில், எழுத்து அட்டையும் கண்ணசைவை நோக்கும் எளிய கருவியும் இத்தொப்பியினும் விரைவானவை, மலிவானவை. விற்பனையாளர் சொல்லுக்கு மயங்கிப் பொருளை இழக்குமுன், வைத்தியரிடமும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் கலந்துகொள்ளல் நன்று.

மாணவர் செய்யத்தக்கது

கருவி இல்லையே, பணம் இல்லையே என்று நம் மாணவர் தயங்க வேண்டுவதில்லை. மேலே கூறிய எழுத்துப்பலகை வினா ஒன்றுக்கேனும் விடை காண, தொப்பியும் வேண்டாம், பசையும் வேண்டாம். நாள்தோறும் நாம் பேசும் பேச்சிலிருந்து ஆயிரம் சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். புத்தகத் தமிழ் வேண்டா. நோயாளி கேட்கக்கூடிய சோறு, தண்ணீர், வலி, வெளிச்சம், பிள்ளைகள், வேண்டாம் என்பன போன்ற வீட்டுத் தமிழே வேண்டும். அவற்றில் மெய்யெழுத்து எத்தனை, அகர உயிர்மெய் எத்தனை என்று எண்ணுங்கள். எண்ணிக்கை எப்பக்கம் சாய்கின்றதோ அதற்கேற்பப் பலகையை அமைத்தாற் குறைந்த தெரிவில் நிறைந்த பேச்சு உண்டாகும். யாழ்ப்பாணத்து மாணவரும் மட்டக்களப்பு மாணவரும் மலையகத்து மாணவரும் தத்தம் வழக்கை எண்ணினால், ஒவ்வோர் ஊர் நோயாளிக்கும் தம் ஊர்ப் பேச்சே கிட்டும்.

அவ்வெழுத்துப் பலகை கணனித் திரைக்கு வரும் வரையிற் காத்திருக்கவும் தேவையில்லை. ஓர் அட்டையில் ஆறுக்கு ஆறு கட்டம் வரைந்து, வரிசையைச் சுட்டி, பின் எழுத்தைச் சுட்டி, இமையசைவால் விடை கேட்க இன்றே இயலும். ஒரு பென்சிலும் ஒரு தாளும் பொறுமையும் போதும். அவற்றுள் அரியது பொறுமையே. தாம் அறிந்ததாக எண்ணி இடையில் முடித்துவைக்காமல், எதிரிலிருப்பவர் தம் சொல்லை முடிக்கும் வரையிற் காத்திருக்கக் கற்றவரே நாளை நல்ல கருவியும் செய்வர்.